சாவியைக் கொடுக்கலாமா? சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஸ்கூட்டர் கற்றுக்கொடுப்பவள். பெரும்பாலும் பெண்கள் வருவார்கள், கூடவே பதினெட்டு முடிந்த பிள்ளைகள். காலை ஐந்தரைக்கு ஐசிஎஃப் குடியிருப்புச் சாலைகளில் ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். அதற்கு மேல் ரோடு நம் கையில் இல்லை. வகுப்புக்கு வருகிறவர்களைவிட, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து "இவனுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க அக்கா, லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறவர்களிடம்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. முடியாது என்பேன். ஏன் என்பார்கள். மே மாத லீவு வந்தால் ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லித் தொண்டை வற்றிப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்வி: 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும். அதை வைத்து ஓட்டுவதற்கு வண்டிதான் கிடைக்காது.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. என்ஜின் 50 சிசிக்கு மேல் போகாத இருசக்கர வண்டியை 16 வயதில் ஓட்டலாம், அதற்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். 1980 இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்தில் இந்த விலக்குக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர் 110 சிசியோ 125 சிசியோ இருக்கும். பார்க்க மொபெட் மாதிரி இருக்கும் எக்ஸ்எல் கூட 100 சிசி. ஆக, 16 வயதில் எடுத்த லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவின் ஆக்டிவாவை ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் "எங்க பையன்கிட்ட லைசென்ஸ் இருக்கே" என்று தைரியமாக இருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் பையன் நன்றாகவே ஓட்டுகிறான். பெரியவர்களைவிட லாவகமாகத் திருப்புகிறான். அப்புறம் என்ன பயம்?

உங்கள் பையன் வண்டி ஓட்டுகிறான். ரோட்டில் ஓட்டுவது வேறு வித்தை.

வண்டியை நிற்க வைப்பது, கிளப்புவது, எட்டு போடுவது, இதையெல்லாம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நான்கு நாளில் கற்றுக்கொண்டுவிடும். நாற்பது வயதில் கற்றுக்கொள்ள வருகிற அம்மாவுக்கு மூன்று வாரம் ஆகும். கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது. சீக்கிரம் வந்துவிட்டதால் எல்லாமே வந்துவிட்டது என்று அவனும் நினைக்கிறான், நீங்களும் நினைக்கிறீர்கள்.

ரோட்டில் ஓட்டுவது என்றால் என்ன? எங்கள் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். ஓரமாக ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா பையை மடியிலிருந்து எடுக்கிறார். அப்படியானால் அடுத்த இரண்டு நொடியில் அவர் இறங்கப் போகிறார், அதுவும் பெரும்பாலும் ரோட்டுப் பக்கமாகவே இறங்குவார். பத்து வருஷம் ஓட்டியவருக்கு அந்தக் கை பைக்குப் போகும்போதே பிரேக் மேல் விரல் போய்விடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆட்டோ தெரியும், அந்தக் கை தெரியாது. நின்றிருக்கும் காரின் முன்சக்கரம் லேசாகத் திரும்பியிருப்பது, முன்னால் போகிற பஸ் ஸ்டாப்பிங் வருவதற்கு முன்பே இடது பக்கம் சாய்வது, குப்பைத்தொட்டி அருகே ஒரு நாய் இன்னொரு நாயைப் பார்த்து நிமிர்வது, இதெல்லாம் ரோடு நமக்கு முன்கூட்டியே சொல்லும் சேதிகள். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். எல்லாவற்றையும் படிக்க வருஷங்கள் ஆகும். புதிதாக ஓட்டுகிறவர்கள் கண்ணை முன்சக்கரத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே நட்டு வைத்திருப்பார்கள். கழுத்தை நிமிர்த்தி நாலு வண்டிக்கு அப்பால் பார்க்க வைப்பதற்குள் எனக்குப் பாதி வகுப்பு போய்விடும்.

இதில் வயதுக்கும் பங்கு உண்டு. விளைவை யோசித்து அவசரத்தை அடக்கும் வேலை மூளையின் முன்பகுதியுடையது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும் என்கிறார்கள் மூளை ஆய்வாளர்கள். பரபரப்பைத் தேடும் பகுதியோ பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் இருக்கும். பிள்ளை கெட்டவன் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல பிள்ளைக்கும் இதே மூளைதான்.

கேள்வி: மெயின் ரோட்டுக்குப் போகச் சொல்லவில்லை. தெருமுனைக் கடைக்கும் டியூஷனுக்கும் மட்டும்தான்.

தெருவும் பொது இடம்தான், சட்டம் அங்கேயும் ஒன்றே. சட்டத்தை விடுங்கள், நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் தண்ணி லாரி, கிரிக்கெட் ஆடும் பசங்கள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஹாரன் அடிக்காமல் ஒருவர் வெளியே வருவார். பெயின்ட் அடிக்காத வேகத்தடை வேறு. மெயின் ரோட்டில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், தெருவில் அவரவர் திசை.

பக்கத்தில்தானே என்று ஹெல்மெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதும் இந்தச் சின்னத் தூரத்துக்குத்தான். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வேக வரம்பைத் திருத்தியபோது, நகரில் இருசக்கர வண்டிக்கு 50 கிலோமீட்டர் என்றும், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்றும் வைத்தது. உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை 30 இல் போகிறான் என்று ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து பாருங்கள்.

டியூஷன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு வரை படித்துவிட்டு காலை ஐந்தரைக்கு பிசிக்ஸ் டியூஷனுக்குக் கிளம்புகிற பிளஸ் டூ பிள்ளைகளை எங்கள் மைதானத்துப் பக்கம் தினமும் பார்க்கிறேன். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பாதிக் கண்ணில் தூக்கத்தோடு ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருப்பவனும் குடித்துவிட்டுத் தடுமாறிக்கொண்டு வருபவனும் ரோட்டில் ஒன்றுதான். சைக்கிளிலோ அப்பாவின் பின்னாலோ அனுப்புங்கள்.

கேள்வி: 40 இல் போனால் என்ன, 60 இல் போனால் என்ன? இருபதுதானே வித்தியாசம்?

இந்தக் கணக்கை எல்லாரிடமும் போட்டுக்காட்டுவேன், பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். எதிரில் ஏதோ வந்துவிட்டது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியிலேயே 11 மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடித்த பிறகு காய்ந்த ரோட்டில் இன்னும் 9 மீட்டர் போகும். மொத்தம் 20. அதே வண்டி 60 இல் வந்தால் யோசிக்கும் நொடியில் 17, பிரேக் பிடித்த பிறகு 20, மொத்தம் 37 மீட்டர். நம் மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம் சுமார் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று பஸ் தூரம். ஈர ரோட்டில் பிரேக் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் மோதலின் சக்தி ஒன்றரை மடங்கு கூடாது, இரண்டேகால் மடங்கு கூடும். 50 இல் போய் எதன் மீதாவது மோதுவது மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். "மூன்றாவது மாடியிலிருந்து குதிடா, ஹெல்மெட் தர்றேன்" என்றால் எந்தப் பையனும் குதிக்க மாட்டான். சாலை படுத்துக்கொண்டிருப்பதால் அந்த உயரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. பயந்தால் பிள்ளைகள் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார்கள். பின் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை வழுக்கவிடுவார்கள், இல்லை ஹேண்டில் திரும்பியிருக்கும்போதே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்துக் கவிழ்வார்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ, சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயம். வீட்டில் கிடக்கும் பழைய வண்டியில் அது இருக்காது. பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தப் பழைய வண்டிதான். எடையையும் பாருங்கள். சாதாரண ஸ்கூட்டரே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். நாற்பத்தைந்து கிலோ பிள்ளை அதைச் சாயாமல் நிறுத்திவைப்பதே பெரிய வேலை.

கேள்வி: தனியாகப் போனால் பயமாக இருக்கிறது. கூட ஒரு ஃபிரெண்ட் போனால் பரவாயில்லையா?

இதற்கு நேர்மாறான பதில்தான் சரி. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக விளையாடும்போது பதின்ம வயதினரும் பெரியவர்களும் அவ்வளவாக வேறுபடவில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் நின்றதும் பதின்ம வயதினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பெரிய மாற்றமில்லை.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா வரை போக வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச் பக்கம் போனால் போதும். தனியாக வரும்போது ஒழுங்காக வருகிற அதே பையன், பின்னால் இரண்டு பேர் ஏறி ட்ரிபிள்ஸ் ஆனதும் கட் அடிக்கிறான். பின்னால் இருப்பவன் "மச்சான், அந்தப் பஸ்ஸை அடிடா" என்பான். முந்துவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். பாரம் கூடினால் பிரேக் தூரமும் வளைவில் வண்டி சாயும் விதமும் மாறும், அதைப் பற்றி மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது. ட்ரிபிள்ஸுக்கு 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். இவர்களிடம் முடக்க லைசென்ஸே இல்லை என்பது வேறு கதை.

புதுவருஷ ராத்திரி மெரினாவிலும் மேம்பாலங்களிலும் வீலிங், ரேஸ் என்று கிளம்புகிறார்களே, அதுவும் தனியாக ஒருவன் செய்கிற வேலை இல்லை. பார்க்க ஆள் வேண்டும், செல்போனில் எடுக்க ஆள் வேண்டும். போலீஸ் அன்றைக்கு மேம்பாலங்களையே மூடுகிறது. பொதுச் சாலையில் ரேஸ் விட்டால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, அடுத்த தடவை 10,000 ரூபாய் வரையோ ஒரு வருஷம் வரையோ.

கேள்வி: ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே போகிறான்?

வாரைப் போட்டானா என்று கேளுங்கள். கொக்கி மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று தனியே பறந்துவிடும், தலை தனியே தரையைத் தொடும். சரியாக மாட்டிய ஹெல்மெட் உயிரிழப்பு வாய்ப்பைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில், நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105.

நடைபாதையில் விற்கிற தொப்பி மாதிரியான ஹெல்மெட் போலீஸுக்காகப் போடுவது. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, தாடையையும் மறைக்கிறதாக வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் மறுபடி உதவாது, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

கேள்வி: மாட்டிக்கொண்டால் யாருக்குத் தண்டனை? அவன் சின்னப் பையன்தானே?

அவன் சின்னப் பையன். அதனால்தான் உங்களுக்கு.

2019 இல் திருத்திய சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 18 நிறையாத பிள்ளை வண்டியில் குற்றம் செய்தால், பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருஷம் வரை சிறை, கூடவே 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது முடியும் வரை எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கூடக் கிடையாது. கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலேஜ் முடித்து வேலைக்குப் போகிற வயதில், சைட்டுக்குப் போக வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்று கேட்கிற எந்த வேலைக்கும் அவன் போக முடியாது. பதினாறு வயதில் ஒரு சாயங்காலம் ஓட்டியதற்கு விலை ஒன்பது வருஷம்.

பிள்ளையின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 2024 மே மாதம் புனேவில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் ஐடி ஊழியர்கள் இறந்தது நினைவிருக்கும். கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள் என்று நாடே கொதித்தது. அதே வழக்கில் அப்பாவையும் கைது செய்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பணக் கணக்கு இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பைசா தராது. எதிராளிக்குக் காயமோ மரணமோ ஆகித் தீர்ப்பாயம் இழப்பீடு விதித்தால், பல வழக்குகளில் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டச் சொல்லி, அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். அது லட்சங்களில் போகும். இன்சூரன்ஸோடு சேர்ந்து வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குத்தான், ஓட்டிய பிள்ளைக்கு இல்லை.

கேள்வி: எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான் என்று சொல்லிவிடலாமே?

சொல்லலாம், நிரூபிக்கவும் வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றோ, தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்றோ காட்டுவது உங்கள் பொறுப்பு. தினமும் அதே வண்டியில் டியூஷனுக்குப் போனதைத் தெருவே பார்த்திருக்கும்போது எதைக் காட்டுவீர்கள்?

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பச்சை பிளேட் இருந்தால் அது பதிவான மோட்டார் வண்டி, லைசென்ஸ் வேண்டும். மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருக்கும் லேசான வண்டிக்குத்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அப்படி ஒன்றை வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்து 45 இல் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். லாக்கை எடுத்த நிமிஷமே அந்த விலக்கு போய்விட்டது. பிளேட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, வேகம் மட்டும் உண்டு. சத்தமும் வராது, தெருவில் நடக்கிற பாட்டிக்கு வருவதே தெரியாது.

கேள்வி: பெண் பிள்ளைகள் நிதானமாகத்தானே ஓட்டுவார்கள்?

வேகத்தில் நிதானம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தயக்கமும் ஆபத்துதான். சிக்னல் இல்லாத சந்திப்பில் பாதி வந்து நின்றுவிடுவது, காலைத் தரையில் இழுத்துக்கொண்டே போவது, இதையெல்லாம் பின்னால் வருகிறவன் எதிர்பார்ப்பதில்லை. துப்பட்டா பெரிய எமன். சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுக்கும். என் வகுப்பில் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் சாவி தருவேன்.

கேள்வி: ஸ்கூட்டர் வேண்டாம், காரே கற்றுக்கொடுக்கலாமா? அதில் பாதுகாப்பு அதிகமாயிற்றே?

உள்ளே இருப்பவருக்கு அதிகம், வெளியே இருப்பவருக்குக் குறைவு. காருக்கும் 18 தான். ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் அப்பா சொல்லிக்கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், அப்பாவின் காரில் கத்துவதற்கு வாய் மட்டும்தான் இருக்கும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது புதியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்வது.

கேள்வி: சென்னையில் எந்த ரோடு, எந்த நேரம் மிக மோசம்?

ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலை, ராத்திரி. அங்கே மற்றவர்கள் வரும் வேகமும் இவனுடைய வேகமும் ஒத்துப்போகாது. ஓரத்தில் காற்று கொண்டுவந்து போட்ட மணல் வேறு, வளைவில் அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்காது. முட்டுக்காடு தாண்டி "லாங் ரைடு" என்று போகிற கூட்டத்தில் பிளஸ் டூ முகங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை. தண்ணீர் தேங்கிய இடத்தில் பள்ளம் எது, மூடி இல்லாத குழி எது என்று தெரியாது. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடும், ரோட்டில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடும் மழையில் சோப்பு மாதிரி. முதல் மழையின் முதல் கால் மணி நேரம் ரோட்டிலுள்ள எண்ணெய் மிதந்து இன்னும் வழுக்கும்.

எந்த நேரமும் மோசமானது லாரி, பஸ்ஸின் இடது பக்கம். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது முன்மூலையில் ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் அவர் கண்ணுக்குப் படாது. அவர் இடது பக்கம் திரும்பினால் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் அந்தச் சின்ன இடைவெளியில் நுழைந்து முன்னால் போய் நிற்பதுதான் நம் பிள்ளைகளின் முதல் கெட்டிக்காரத்தனம். இந்த ஒன்றை மட்டுமாவது உங்கள் பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள், அவன் சைக்கிளில் போனாலும் சரி.

கேள்வி: செல்போன்?

ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவதற்கும் காதில் மாட்டிப் பாட்டு கேட்பதற்கும் ஒரே பதில்: கூடாது. பெற்றோருக்கும் ஒன்று உண்டு. பிள்ளை வண்டியில் வருகிறான் என்று தெரிந்துகொண்டே "எங்கே இருக்கே?" என்று மூன்று தடவை கூப்பிடுவது யார்?

கேள்வி: 18 ஆகிவிட்டது. இனி எப்படி ஆரம்பிப்பது?

எல்எல்ஆர் எடுத்தால் ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழிந்ததும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாரும் முப்பத்தோராம் நாளே ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். என் கருத்தில் அந்த ஆறு மாதத்தையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

நியூசிலாந்தில் 1987 இலிருந்து புதியவர்களுக்குப் படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கிறார்கள். முதலில் துணையோடு, பிறகு தனியாக ஆனால் ராத்திரி கூடாது, கூட்டாளிகளை ஏற்றக் கூடாது, பிறகுதான் முழு உரிமை. அமெரிக்க மாநிலங்களும் இதைப் பின்பற்றி விபத்துகளைக் குறைத்தன. நம் சட்டத்தில் இது இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ள யார் தடுத்தார்கள்? எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதம் பகல், தெரிந்த வழி, தனியாக. அடுத்த மூன்று மாதம் மெயின் ரோடு, ஆனால் இருட்டுவதற்குள் வீடு. அதற்குப் பிறகுதான் பின்னால் ஆள், அதுவும் முதல் ஆள் நான். என்னை ஏற்றிக்கொண்டு மூலக்கடை வரை போய்வந்த அன்றைக்கு என் மகன் வேர்த்துப்போனான், நானும்தான்.

கேள்வி: கூடப் படிக்கிற எல்லாரும் வண்டியில் வருகிறார்கள், நான் மட்டும் பஸ்ஸா என்று அழுகிறான். என்ன சொல்வது?

"எல்லாரும்" என்றால் எத்தனை பேர் என்று கேளுங்கள், பெரும்பாலும் நாலு பேராக இருக்கும். அவன் கேட்பது வண்டியை மட்டும் இல்லை, நேரத்தையும் கௌரவத்தையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வேறு வழி பாருங்கள். நல்ல சைக்கிள் ஒன்று, மெட்ரோ கார்டு, ரயில் சீசன் டிக்கெட். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் இலவசம். பெண் பிள்ளைக்குச் சாதாரணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசே வேண்டாம். அவசரமான ஒரு நாள் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

அப்புறம், நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை அவன் பத்து வருஷமாகப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ராங் சைடில் அம்பது மீட்டர் போய் யூ-டர்னை மிச்சம் பிடிக்கிற அப்பா சொன்னால் அவன் கேட்க மாட்டான்.

கேள்வி: மீறி விபத்து நடந்துவிட்டால்?

ஓடக் கூடாது. 108 ஐக் கூப்பிட வேண்டும். ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கழுத்தில் அடிபட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் இல்லை. உதவ வந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது.

வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று அப்பாவோ மாமாவோ போய் நிற்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். தெருவெல்லாம் கேமரா இருக்கிற ஊரில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. ஒரு வழக்கு இரண்டாகும்.

கேள்வி: சாவியை எங்கேதான் ஒளித்துவைப்பது?

அரிசி டப்பா, பீரோ, பூஜையறை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். கிலோமீட்டரைக் குறித்துவைக்கிறேன் என்று நான் கெட்டிக்காரியாக இருந்தேன். என் மகன் பதினாறு வயதில் ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு மாதவரம் வரை போய்வந்திருக்கிறான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று ராத்திரி இரண்டு சாவியையும் என் மாமியாரிடம் கொடுத்தேன். இடுப்பில் சுருக்குப்பை, அதில் வெற்றிலை, பாக்கு, கூடவே சாவி. தூங்கும்போதும் கழற்ற மாட்டார். அவன் லைசென்ஸ் எடுத்து வந்த அன்றைக்குத்தான் வெளியே எடுத்துக் கொடுத்தார். சாவித்துளையில் சுண்ணாம்பு காய்ந்துபோய், ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது.